புகைக்கு விலை வைத்த அரசுகள்

அரசுகள் கவிழ்வதற்கான காரணங்களை வரலாறு நமக்கு நிறையவே காட்டியுள்ளது. போரில் தோற்றும், பஞ்சத்தைச் சமாளிக்க இயலாமலும், ஊழலில் சிக்கியும், கூட்டணி உடைந்தும் ஆட்சிகள் வீழ்ந்திருக்கின்றன. ஆனால் புகைபோக்கியிலிருந்து வெளிவரும் கரியமில வாயுவின் பொருட்டு ஓர் அமைச்சரவை பதவி விலகியது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 2000ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் நார்வே நாட்டில் அது நடந்தது. அப்போது பிரதமராக இருந்தவர் கெல் மாக்னே போன்டெவிக். லூத்தரன் திருச்சபையின் திருநிலைப்பட்ட போதகர். கிறிஸ்தவ மக்கள் கட்சியைச் சேர்ந்தவர். எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கும் புதிய நிலையங்களைக் கட்ட வேண்டுமென்று நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை விரும்பியது. புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து அகற்றும் ஏற்பாடு இல்லாமல் அவற்றைக் கட்டக் கூடாது என்பது போன்டெவிக்கின் நிலை. அதை நம்பிக்கை வாக்கெடுப்பாகவே ஆக்கினார். தோற்றார், பதவி விலகினார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் அனுமதி வழங்கினர். கோர்ஸ்டோ என்னுமிடத்தில் அத்தகைய நிலையம் ஒன்று 2007இல் திறக்கப்பட்டது. வாயுவை அகற்றும் ஏற்பாடு அதில் இல்லை. எரிவாயுவின் விலை உயர்ந்தமையால் அது குறைந்த காலமே ஓடியது, பின்னர் மூடப்பட்டது. ஓர் அரசின் வீழ்ச்சிக்குக் காரணமான ஆலை நாட்டுக்கு மின்சாரமும் அதிகம் தரவில்லை.

வானிலே சேர்ந்துவிட்ட கரியை யார் அகற்றுவது? அதற்கான செலவை யார் ஏற்பது? இவ்வினாக்களுக்கு அரசுகள் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் தந்த விடைகளே இக்கட்டுரையின் பொருள். அவற்றுள் சில விடைகள் பயன் தந்தன, பல பொய்த்தன. ஏன் என்று ஆராய்ந்தால் வாக்களிக்கும் குடிமக்களாகிய நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இருவகைப் பணிகள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். தொழிற்சாலையின் புகைபோக்கியிலேயே கரியமில வாயுவைப் பிடித்து, குழாய் வழியே கொண்டு சென்று, நிலத்தடியில் புதைப்பது ஒரு பணி. இது புதிதாக அழுக்குச் சேராமல் தடுக்கும். முன்னரே சேர்ந்ததைக் குறைக்காது. ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்ட வாயுவைத் திரும்ப எடுத்துப் புதைப்பது மற்றொரு பணி. இதுவே சரியான பொருளில் அகற்றுதல் ஆகும். மரம் வளர்ப்பது இதன் மிகப் பழைய வடிவம். இயந்திரத்தால் காற்றை உறிஞ்சி வாயுவைப் பிரிப்பது புதிய வடிவம். மரக்கழிவை எரித்து ஆற்றல் பெறும் ஆலையின் புகையைப் பிடித்துப் புதைத்தாலும் அது அகற்றுதலே. ஏனெனில் அந்த மரம் தன் கரியைக் காற்றிலிருந்துதான் பெற்றது.

இரண்டாவது பணி முதலாவதைவிட மிகக் கடினமானது. நிலக்கரிப் புகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் கரியமில வாயு இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றிலோ பத்தாயிரத்துக்கு நான்கு பங்கே உண்டு. இவ்வளவு அரிதாகப் பரவியிருப்பதைத் தேடிப் பிடிக்க ஏராளமான காற்றை இழுக்க வேண்டும், மிகுந்த ஆற்றல் வேண்டும், பெருஞ்செலவு ஆகும்.

எண்ணம் பழையதுதான். இத்தாலியரான செசாரே மார்க்கெட்டி, புகையிலிருந்து பிடித்த வாயுவை ஜிப்ரால்டர் நீரிணை வழியாக ஆழ்கடலுக்குள் அனுப்பிவிடலாம் என்று 1977இலேயே எழுதினார். அதற்கும் ஐந்தாண்டுகளுக்கு முன், 1972இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து எண்ணெய் நிறுவனங்கள் கரியமில வாயுவை நிலத்தடியில் செலுத்தத் தொடங்கியிருந்தன. அவர்களது நோக்கம் வானத்தைத் தூய்மையாக்குவதன்று. வற்றத் தொடங்கிய கிணறுகளில் அவ்வாயுவைச் செலுத்தினால் பாறையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் இளகி மேலே வரும். ஆக, வாயுவைப் புதைக்கும் தொழில்நுட்பம் பிறந்த இடம் எண்ணெய் வயலே. இந்தப் பிறப்பின் சுவடு பிற்காலச் சட்டங்களிலும் மறையவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

ஒரு வரி செய்த வேலை

1991ஆம் ஆண்டு நார்வே அரசு, தன் கடற்பகுதியில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. வடகடலில் ஸ்லைப்னர் என்னும் எரிவாயு வயலைத் திறக்க அரசு நிறுவனமான ஸ்டாட்டாயில் அப்போது திட்டமிட்டிருந்தது. அந்த வயலின் வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு கரியமில வாயு கலந்திருந்தது. ஐரோப்பாவில் அதை விற்க வேண்டுமாயின் 2.5 பங்குக்குக் கீழே கொண்டுவர வேண்டும். எனவே பிரிப்பது எப்படியும் தவிர்க்க முடியாத வேலை. பிரித்ததைக் காற்றில் விட்டால் டன்னுக்கு ஏறத்தாழ 50 டாலர் வரி கட்ட வேண்டும். கடலடியில் புதைத்துவிட்டால் வரி இல்லை.

பொறியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். புதைப்பதே மலிவாக இருந்தது. கடற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிய உட்சிரா மணற்பாறை அடுக்கு இருக்கிறது. அதன் மேலே வாயு கசியாமல் தடுக்கும் களிமண் பாறை மூடி போல் அமைந்துள்ளது. 1996இல் அங்கே வாயுவைச் செலுத்தத் தொடங்கினர். வளிமண்டலத்தைக் காக்கும் நோக்கில் தொழில் அளவில் நடந்த முதல் புதைப்பு இதுவே. நல்ல ஆண்டுகளில் பத்து இலட்சம் டன் வரை புதைக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்குள் ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் கடலடியில் அடங்கியது. நில அதிர்வு அலைகளைக் கொண்டு விஞ்ஞானிகள் அந்த அடுக்கைக் காலந்தோறும் படமெடுத்துக் கண்காணித்து வந்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தப் பணிக்கு அரசு ஆடம்பரமான அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. "இந்தக் கருவியைப் பயன்படுத்து" என்று கட்டளையிடவும் இல்லை. காற்றில் விடுவதற்கு ஒரு விலை வைத்தது. அந்த விலையை ஆண்டுதோறும் மாறாமல் வசூலித்தது. வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நிறுவனத்திடமே விட்டது. வேலை நடந்தது.

நிலவுப் பயணம் எனும் வாக்குறுதி

அதே நார்வே, பிறிதொரு முறையையும் முயன்று பார்த்தது. 2006இல் மோங்ஸ்டாட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி ஒரு மின்நிலையம் கட்ட ஸ்டாட்டாயிலுக்கு அரசு இசைவு அளித்தது. 2014க்குள் அதன் கரியமில வாயு முழு அளவில் பிடிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 2007 புத்தாண்டு உரையில் பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க் இத்திட்டத்தை நார்வே நாட்டின் "நிலவுப் பயணம்" என்று வருணித்தார். உலகமே வியக்கும் சாதனையாக அது பேசப்பட்டது.

நடந்தது வேறு. ஆண்டுகள் செல்லச் செல்லத் தொழில்நுட்ப ஐயங்கள் எழுந்தன, செலவு மதிப்பீடு ஏறியது, காலக்கெடு தள்ளிப்போனது. 2012இல் சோதனை மையம் ஒன்று மட்டும் திறக்கப்பட்டது. பல்வேறு நாட்டு நிறுவனங்கள் தங்கள் முறைகளைச் சோதித்துப் பார்க்க அது இன்றளவும் உதவுகிறது. ஆனால் முழு அளவிலான திட்டம் 2013 செப்டம்பரில் கைவிடப்பட்டது. தேர்தலில் தோற்ற அரசு பதவியைவிட்டு நீங்குமுன் செய்த அறிவிப்புகளுள் இதுவும் ஒன்று. பல நூறு கோடி குரோனர் அதற்குள் செலவாகியிருந்தது.

ஸ்லைப்னருக்கும் மோங்ஸ்டாட்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? இரண்டையும் முன்னெடுத்தது ஒரே நாடு, ஒரே நிறுவனம். வாயுவைப் பிரிப்பது முன்னதில் வணிகத்தின் தேவை. பின்னதில் கூடுதல் சுமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முன்னதில் நிறுவனம் செயல்படாவிட்டால் இழப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. பின்னதில் தாமதத்தின் செலவு பெரும்பாலும் பொதுப் பணத்தைச் சேர்ந்தது. பிறர் பணத்தில் காத்திருப்பது யாருக்கும் எளிது.

அமெரிக்காவின் மானியங்கள்

இதே காலத்தில் அமெரிக்கா, வரியை விடுத்து மானிய வழியைத் தேர்ந்தது. 2003இல் அதிபர் ஜார்ஜ் புஷ், "ஃபியூச்சர்ஜென்" என்ற பெயரில் நூறு கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தார். நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுத்து, வாயு முழுவதையும் புதைப்பது அதன் நோக்கம். 2007 டிசம்பரில் இலினாய் மாநிலத்து மட்டூன் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த மாதமே அரசு பின்வாங்கியது. செலவு இருமடங்காகப் பெருகிவிட்டது என்று காரணம் கூறப்பட்டது. பணவீக்கத்தைச் சேர்த்த தொகையைச் சேர்க்காத தொகையோடு ஒப்பிட்டதால் அந்தப் பெருக்கம் மிகையாகத் தோன்றியது என்பதைத் தணிக்கையாளர்கள் 2009இல் சுட்டிக்காட்டினர். அடுத்து வந்த ஆட்சி திட்டத்தை வேறு வடிவில் புதுப்பித்தது. 2015இல் அதுவும் நிறுத்தப்பட்டது.

மிசிசிப்பி மாநிலத்துக் கெம்பர் நிலையத்தின் கதை இன்னும் வருந்தத்தக்கது. முந்நூறு கோடி டாலருக்குள் முடியும் என்று தொடங்கியது. ஏறத்தாழ 750 கோடி டாலர் விழுங்கியது. 2017இல் நிலக்கரி முயற்சியை நிறுத்திவிட்டுச் சாதாரண எரிவாயு நிலையமாக ஓடியது. வாயுவைப் பிடிப்பதற்கான அமைப்பு 2021இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் காலகட்டத்தின் கணக்கை முடித்து வைத்தது. எட்டு நிலக்கரித் திட்டங்களுக்கு எரிசக்தித் துறை 68.4 கோடி டாலர் வழங்கியிருந்தது. அவற்றுள் இயங்கும் நிலைக்கு வந்தது ஒன்றே ஒன்று: டெக்சாஸின் பெட்ரா நோவா. அதுவும் தான் பிடித்த வாயுவை எண்ணெய் வயலுக்கு அனுப்பி வருமானம் ஈட்டியது. 2020இல் எண்ணெய் விலை சரிந்ததும் வாயுவைப் பிடிக்கும் பணி நின்றுவிட்டது; 2023இல்தான் மீண்டும் தொடங்கியது. வானத்தைத் தூய்மையாக்கும் பணி எண்ணெய் விலையைச் சார்ந்து நின்றது வியப்பான முரண்.

மானியத்தோடு வரிச்சலுகையும் இருந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டம், புதைக்கப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் 20 டாலர் வரிக்கழிவு அளித்தது. எண்ணெய் எடுக்கப் பயன்படும் டன்னுக்கு 10 டாலர். முடிந்த வேலைக்கே பணம் என்ற வகையில் இது மானியத்தைவிடச் சிறந்த முறையே. ஆனால் டன்னை எண்ணுவது யார்? 2020இல் கருவூலத்துறையின் கண்காணிப்பாளர் ஓர் உண்மையை வெளியிட்டார். பத்து நிறுவனங்கள் சேர்ந்து நூறு கோடி டாலருக்கு மேல் கழிவு கேட்டிருந்தன. அதில் ஏறத்தாழ 89 கோடி டாலருக்கு, வாயு உண்மையில் நிலத்தடியில் தங்கியதைச் சரிபார்க்கும் சுற்றுச்சூழல் துறையின் விதிகள் பின்பற்றப்படவில்லை. கூலி கொடுத்தால் மட்டும் போதாது. வேலையை அளந்து பார்க்கவும் வேண்டும் என்பது எந்தக் கொத்தனாரிடம் வீடு கட்டியவருக்கும் தெரிந்ததுதான்.

வரிக்கழிவு 2018இல் 50 டாலராகவும் 2022இல் 85 டாலராகவும் உயர்ந்தது. எண்ணெய் எடுக்கப் பயன்படும் வாயுவுக்கு எப்போதும் குறைவான தொகையே தரப்பட்டு வந்தது. 2025இல் அந்த வேறுபாடும் நீக்கப்பட்டது. புதைப்பதற்காகப் புதைத்தாலும், மேலும் எண்ணெய் எடுப்பதற்காகப் புதைத்தாலும் இப்போது ஒரே கூலி. எண்ணெய் வயலில் பிறந்த தொழில்நுட்பத்தின் சுவடு என்று நாம் மேலே குறிப்பிட்டது இதைத்தான்.

பிரிட்டனின் அனுபவத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். நூறு கோடி பவுண்டு பரிசுத் தொகையுடன் இருமுறை போட்டி அறிவித்து, 2011இலும் 2015இலும் இருமுறையும் கைவிட்டது. 2024இல் மீண்டும் எழுந்து, 25 ஆண்டுகளுக்கு 2,170 கோடி பவுண்டு தருவதாக உறுதி கூறியுள்ளது.

நெடுங்கப்பல்

தோல்வியிலிருந்து கற்க இயலும் என்பதற்கும் நார்வேயே சான்று தருகிறது. 2020இல் அந்நாட்டு அரசு "லாங்ஸ்கிப்" என்னும் திட்டத்தை நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. பண்டைய வைக்கிங் மாலுமிகளின் நெடுங்கப்பலைக் குறிக்கும் பெயர் அது. மொத்தச் செலவு 2,510 கோடி குரோனர் என மதிப்பிடப்பட்டது. அதில் 1,680 கோடியை அரசு ஏற்றது. எஞ்சியதை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். ஒரே மின்நிலையத்தின்மீது எல்லா நம்பிக்கையையும் வைத்த பழைய வழி கைவிடப்பட்டது. சிமெண்டு ஆலை ஒன்று, குப்பை எரிக்கும் ஆலை ஒன்று, வாயுவை ஏற்றிச் செல்லும் கப்பல்கள், கடலடிக் கிடங்கு என்று வேலை பிரிக்கப்பட்டது.

சிமெண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படுகிறது. எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும் அதைத் தவிர்க்க முடியாது. பிரெவிக் நகரின் சிமெண்டு ஆலையில் ஆண்டுக்கு 4 இலட்சம் டன், அதாவது ஆலையின் வாயுவில் ஏறத்தாழ பாதியைப் பிடிக்கும் அமைப்பு 2025 ஜூனில் திறக்கப்பட்டது. திரவமாக்கப்பட்ட வாயு கப்பலில் ஓய்கார்டன் என்னும் கரையூருக்குச் செல்கிறது. அங்கிருந்து 110 கிலோமீட்டர் குழாய் வழியாகக் கடலடிக்குப் போய், அதற்கும் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் அடைகிறது. 2025 ஆகஸ்டில் முதல் வாயு அங்கே செலுத்தப்பட்டது.

ஆஸ்லோ நகரின் குப்பை எரிக்கும் ஆலை எளிதில் முன்னேறவில்லை. செலவு ஏறியதால் 2023இல் பணி நின்றது. புதிய நிதி ஏற்பாட்டுடன் 2025இல் மீண்டும் தொடங்கியது. நகரக் குப்பையில் ஏறத்தாழ பாதி, உணவு, மரம், தாள் போன்ற உயிர்ப்பொருளிலிருந்து வருவது. அந்தப் பாதியின் வாயுவைப் புதைப்பது, நாம் முன்னர் கூறிய சரியான பொருளில், காற்றிலிருந்து அகற்றுவதே ஆகும்.

ஒரு நெருடலையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நார்வேயின் செல்வம் எண்ணெயும் எரிவாயுவும் விற்றுச் சேர்ந்தது. அந்த எரிபொருள் பிற நாடுகளில் எரியும்போது எழும் வாயு, நார்வேக்குள் எழும் வாயுவைப்போல் பல மடங்கு. கடலடியில் ஒரு கையால் புதைத்துக்கொண்டே மறு கையால் தோண்டி விற்கும் நாடு அது.

காற்றிலிருந்தே எடுத்தல்

தட்பவெப்ப மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அரசுகளின் குழு 2022இல் ஒரு முடிவைத் தெளிவாக உரைத்தது. வெளியேற்றத்தை எவ்வளவு குறைத்தாலும் விமானம், வேளாண்மை போன்ற துறைகளில் எஞ்சும் பகுதி இருந்தே தீரும். அதை ஈடுசெய்து நிகரச் சுழியத்தை அடைய வேண்டுமானால் காற்றிலிருந்து அகற்றுவதைத் தவிர்க்க முடியாது. இந்த முடிவுக்குப் பின் அரசுகளின் கவனம் இரண்டாவது பணியின்மீது திரும்பியது.

ஐஸ்லாந்தில் நிலத்தடி வெப்பத்தைக் கொண்டு இயங்கும் "ஓர்க்கா" என்னும் நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4,000 டன் பிடிக்கும் அளவில் அமைக்கப்பட்டது. 36,000 டன் அளவுள்ள "மாமத்" 2024இல் தொடங்கியது. பிடித்த வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகின்றனர். ஈராண்டுக்குள் அதன் பெரும்பகுதி கல்லாகவே மாறிவிடுவதை ஆய்வாளர்கள் 2016இல் மெய்ப்பித்தனர். இந்த ஆராய்ச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் துணை நின்றது. ஆனால் அளவைப் பாருங்கள். மனித குலம் எரிபொருளால் ஆண்டுதோறும் வெளியிடுவது ஏறத்தாழ 3,700 கோடி டன்.

அமெரிக்கா 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கென 350 கோடி டாலர் ஒதுக்கியது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் அகற்றும் நான்கு மையங்கள் அமைப்பது நோக்கம். 2023இல் டெக்சாஸ், லூசியானா மாநிலங்களில் இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்டு, 120 கோடி டாலர் வரை தருவதாக அறிவிக்கப்பட்டது. அகற்றிய வாயுவை அரசே விலைக்கு வாங்கும் 3.5 கோடி டாலர் முயற்சியும் அவ்வாண்டு தொடங்கியது. 2025இல் ஆட்சி மாறிய பின் இம்மையங்களின் எதிர்காலம் கேள்விக்குள்ளாயிற்று. கட்டி முடிக்கப் பத்தாண்டு பிடிக்கும் வேலையை நான்காண்டு ஆட்சிகளின் விருப்பத்தில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டூனுக்குப் பின் இது மற்றொரு சான்று.

ஸ்வீடன் வேறு வழி கண்டது. மரக்கழிவை எரித்து நகருக்கு வெப்பம் தரும் ஆலைகளின் வாயுவைப் புதைப்பதற்கு அந்நாடு 3,600 கோடி குரோனர் ஒதுக்கியது. யார் டன்னுக்குக் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே ஒப்பந்தம் என ஏலம் விட்டது. 2025 ஜனவரியில் தலைநகர் ஸ்டாக்ஹோமின் வெப்ப நிறுவனம் வென்றது. பதினைந்து ஆண்டுகளில் ஒரு கோடியே 17 இலட்சம் டன் அகற்ற வேண்டும். ஏறத்தாழ 2,000 கோடி குரோனர் வரை கிடைக்கும். வாயு புதைக்கப்பட்ட பின்னரே பணம். 2028இலிருந்து அந்த வாயு கப்பலேறி, நாம் மேலே கண்ட நார்வேயின் கடலடிக் கிடங்குக்கே செல்லவிருக்கிறது.

தூத்துக்குடி காட்டும் பாடம்

இவை யாவும் எங்கோ வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். நமது தூத்துக்குடியும் இவ்வரலாற்றில் ஓர் இடம் பெற்றுள்ளது. அங்குள்ள காரத் தொழிற்சாலை ஒன்று, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பை 2016இல் இயக்கத் தொடங்கியது. அரசு மானியம் ஏதுமின்றி நடந்த பணி என்று உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. அதற்கான கரைசலை உருவாக்கியவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இரு இளைஞர்கள். இந்தியாவில் நிதி கிடைக்காத நிலையில் அவர்களுக்குக் கைகொடுத்தது பிரிட்டிஷ் அரசு.

மானியமின்றி அது எப்படி இயன்றது? சோடா உப்புத் தயாரிக்க அந்த ஆலைக்குக் கரியமில வாயு தேவைப்பட்டது. வெளியிலிருந்து வாங்குவதைவிடத் தன் புகையிலிருந்தே எடுப்பது மலிவாக அமைந்தது. அங்கே வாயு ஒரு சரக்கு. அதற்கு விலை உண்டு. ஆனால் அந்த உப்பு கண்ணாடி உலையிலோ அடுப்பிலோ சூடேறும்போது வாயு மீண்டும் காற்றில் கலந்துவிடும். பயன்படுத்துவதற்குச் சந்தை இருக்கிறது, புதைப்பதற்கு இல்லை. நிலத்தடியில் அடங்கிய ஒரு டன்னை வாங்கி எவரும் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அதன் நன்மை எல்லாருக்கும் பொதுவானது. ஆதலால் அதற்குத் தனி வாங்குபவர் இல்லை. அந்த இடத்தில்தான் அரசு தேவைப்படுகிறது.

புதைத்த பின்னும் அரசின் தேவை தீர்வதில்லை. நிறுவனங்கள் ஐம்பது ஆண்டில் கலைந்து போகலாம். வாயுவோ நூற்றாண்டுகள் கடந்தும் உள்ளேயே இருக்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை, கிடங்கு மூடப்பட்டுப் பொதுவாக இருபது ஆண்டுகளேனும் கழிந்து, அது உறுதியாக இருப்பது தெளிவான பின், பொறுப்பை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்தது.

நமது மத்திய அரசும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2022இல் நிதி ஆயோக் விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு மும்பை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்திலும் தேசிய ஆராய்ச்சி மையங்கள் அமைந்தன. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடுவது ஏறத்தாழ 2 டன். ஓர் அமெரிக்கர் வெளியிடுவது ஏறத்தாழ 14 டன். முன்னே அழுக்குச் சேர்த்தவர்களே முன்னே செலவிட வேண்டும் என்று நம் நாடு கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் நம்மை ஒன்றும் செய்யாமல் இருக்க விடுவதற்கான சாக்காக மாறிவிடக் கூடாது என்பதும் உண்மை. கடல் உயர்ந்தால் முதலில் நீர் புகுவது நம் கரையோரச் சிற்றூர்களில்தான்.

நாம் கேட்க வேண்டியவை

மூன்று செய்திகளை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. முதலாவது, காற்றை அழுக்காக்குவது இலவசமாக இருக்கும்வரை தூய்மையாக்குவது தருமமாகவே இருக்கும். தருமத்தை நம்பி ஒரு பெருந்தொழில் நிலைக்காது. ஸ்லைப்னரை இயக்கியது 1991இன் வரியே. இரண்டாவது, பொதுப் பணம் கொடுப்பதானால் முடிந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும். அதையும் நடுநிலையாளர் அளந்த பின் கொடுக்க வேண்டும். மூன்றாவது, அரசின் சொல் ஆட்சிகளைக் கடந்து நிற்க வேண்டும். பாறையடியில் நூற்றாண்டுகளுக்குச் செய்யும் வேலைக்கு அடுத்த தேர்தல் வரை நீடிக்கும் வாக்குறுதி போதாது.

இவற்றைவிட ஆழமான வினா ஒன்று எஞ்சியுள்ளது. அகற்ற வழி இருக்கிறது என்ற எண்ணமே, தொடர்ந்து எரிக்கலாம் என்ற துணிவைத் தந்துவிடுமோ? திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபரில் வெளியிட்ட "லௌதாத்தே தேயும்" என்னும் ஊக்கவுரையில் இந்த அச்சத்தைக் குறிப்பிட்டார். வாயுவை உறிஞ்சும் முறைகள் நம்பிக்கை அளிப்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் அடியில் அழிவு தொடரும்போது மேற்பரப்பின் விரிசல்களை மட்டும் பூசி மறைக்கும் மனப்பான்மையில் நாம் சிக்கிவிடலாகாது என்று எச்சரித்தார். மேலே கண்ட எண்களும் அதையே கூறுகின்றன. 3,700 கோடி டன்னுக்கு எதிரே 36,000 டன். அகற்றுதல் கடைசியில் எஞ்சுவதைக் கூட்டித் துடைக்கும் வேலை. கொட்டுவதை நிறுத்துவதற்கு அது மாற்றாகாது.

நம் நாட்டிலும் வரும் ஆண்டுகளில் இத்துறைக்குக் கோடிகள் ஒதுக்கப்பட்டதாக அறிவிப்புகள் வரும். அப்போது ஒதுக்கிய தொகையை மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடாமல், எத்தனை டன் புதைந்தது, அதை அளந்தவர் யார், எரிப்பது எவ்வளவு குறைந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். போன்டெவிக் தம் பதவியைக் கொடுத்து ஒரு கேள்வியைக் கேட்டார். நமக்கு அவ்வளவு விலை இல்லை; நம் பிரதிநிதிகளிடம் வாய் திறந்து கேட்டாலே போதும்.